பனிக்காலத்தில் பள்ளிக் கால்பந்து அணிக்கு உள்ளரங்க ஆட்டம்: மிச்சிகன் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மிச்சிகனில் உயர்நிலைப் பள்ளிப் பையன்களின் கால்பந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். பெண்களுக்கு மார்ச்சில்தான் தொடங்கும். நடுவில் உள்ள மாதங்களில் டெட்ராய்ட் பக்கம் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும். கிளப் அணியில் ஆடும் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்திலும் பயிற்சி உண்டு. அதற்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் வசந்தம் வரும்வரை பந்தைத் தொடவே மாட்டார்கள். இந்த இரண்டு வகையினரும் ஒரே பள்ளி அணியில் இருப்பார்கள். ஆட்டத்தில் இருவருக்கும் இடையே உள்ள தூரம் அதிகமாவது இந்த மாதங்களில்தான்.

வாரம் ஒரு மாலை ஒரு கூடத்தைப் பிடித்து, ஒரு பந்தைப் போட்டு, பிள்ளைகளை விளையாட விடுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இதில் விசில் கிடையாது, வரிசையில் நின்று உதைப்பது கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. கூடத்தையும் பாதுகாப்பையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட வேண்டும். பள்ளியிலும் கிளப்பிலும் வருடம் முழுக்க யாராவது ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். யாரும் சொல்லாமல் தானே முடிவெடுத்து ஆட ஓர் இடம் பிள்ளைகளுக்கு வேண்டும். நம் ஊர்த் தெருவில் ஆடியவர்களுக்கு அது தானாகவே கிடைத்தது. இங்கே நாம்தான் ஏற்பாடு செய்துதர வேண்டியிருக்கிறது.

படி 1: விதிமுறையை முதலில் கேட்டுவிடுங்கள்

கூடம் தேடுவதற்கு முன்பே பள்ளியின் விளையாட்டுத் துறை இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மிச்சிகனில் பள்ளி விளையாட்டை நடத்துவது எம்.எச்.எஸ்.ஏ.ஏ. என்னும் மாநிலச் சங்கம். பருவம் முடிந்த பிறகு கோச் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கு அதன் விதிப் புத்தகத்தில் தெளிவான வரம்புகள் உண்டு. ஒஹாயோ, இல்லினாய் போன்ற பக்கத்து மாநிலங்களுக்கு வேறு சங்கம், வேறு விதி. விதிகள் அவ்வப்போது மாறுவதால், போன வருடம் வேறொரு பெற்றோர் சொன்னதை வைத்து இந்த வருடம் நடத்தாதீர்கள்.

'ஓப்பன் ஜிம்', அதாவது எல்லாருக்கும் திறந்துவிட்ட விளையாட்டுக் கூடம், என்ற பெயரில் நடக்கும் ஆட்டத்தின் அடிப்படை எளிது. வருவது கட்டாயமில்லை. அந்தப் பள்ளி மாணவர் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரும் பயிற்சி தரக் கூடாது. அடுத்த பருவத்து அணிக்கு ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. கோச் கூடத்தில் இருந்தாலும் மேற்பார்வைக்கு மட்டும்தான். பெற்றோர் தனியாக வெளியிடத்தில் நடத்தினாலும் இதே எல்லைக்குள் நிற்பது நல்லது. பள்ளிச் சீருடை வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். உள்ளரங்க லீக் எதிலாவது பணம் கட்டிச் சேரும் எண்ணம் இருந்தால் அதை இயக்குநரிடம் தனியாகக் கேளுங்கள். ஒரே பள்ளியின் வீரர்கள் எத்தனை பேர் ஒரு வெளி அணியில் ஆடலாம் என்பதற்குக்கூடச் சில மாநிலங்கள் எண்ணிக்கை வைத்திருக்கின்றன.

இதைச் சொல்லும்போது பல பெற்றோருக்கு முகம் சுருங்கும். "கோச் வந்து பார்க்க மாட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வந்தாலும் யாரையும் எடைபோட மாட்டார், அது நல்லதும்கூட. எடைபோடுகிறார் என்று தெரிந்தால் பிள்ளை தப்பு செய்யப் பயப்படும். பயந்தால் புதிதாக எதையும் முயன்று பார்க்காது.

படி 2: எப்போது தொடங்கி எப்போது முடிப்பது

பையன்களுக்கு நவம்பர் மாதம் ஓய்வு. மூன்று மாதம் ஓடிய கால்களுக்கு இரண்டு மூன்று வாரமாவது பந்தே இல்லாத இடைவெளி வேண்டும். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் தொடங்கலாம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளிக் கட்டடம் பூட்டியிருக்கும். ஜனவரியில் பல பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு வரும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். மார்ச்சில் பெண்கள் பருவம் தொடங்கிவிடும் என்பதால் பிப்ரவரி கடைசியோடு முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒன்பது, பத்து மாலைகள் கிடைக்கும். அது போதும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே கூடத்தில் ஆடினாலும் பையன்களுக்கு இது பருவத்துக்குப் பிந்தைய காலம், பெண்களுக்குப் பருவத்துக்கு முந்தைய காலம். பையன்கள் சும்மா விளையாட வருவார்கள். பெண்கள் பருவத்துக்குத் தயாராவதற்காக வருவார்கள். பிப்ரவரியில் பெண்கள் தங்களுக்கென்று தனி ஆட்டம் கேட்டால், கூடத்தின் பாதி நேரத்தை யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

பாஸ்கெட்பால், மல்யுத்தம், ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைகளுக்கு இதுதான் உச்சப் பருவம். அவர்களைக் கூப்பிட்டு நச்சரிக்க வேண்டாம். குளிர்காலத்தில் வேறு விளையாட்டு ஆடுவது கால்பந்துக்குக் கெடுதல் செய்யாது. ஒரே தசையையும் மூட்டையும் வருடம் முழுக்கப் பாடுபடுத்துவதுதான் கெடுதல். கிளப்பில் வாரம் மூன்று நாள் பயிற்சி உள்ள பிள்ளை நான்காவது நாளாக இங்கே வந்தால் வீட்டிலுள்ளவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படி 3: கூடம்

மிகவும் கடினமான வேலை இதுதான். உயர்நிலைப் பள்ளியின் பெரிய ஜிம் குளிர்காலத்தில் பாஸ்கெட்பாலுக்குச் சொந்தம். பையன்கள், பெண்கள், ஜூனியர் அணிகள் என்று இரவு எட்டு மணி வரைக்கும் ஆள் இருக்கும். அதனால் அங்கே முட்டி மோதுவதை விட்டுவிட்டு மாவட்டத்தின் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஜிம்களைக் கேளுங்கள். தேவாலயங்கள் பலவற்றில் நல்ல கூடம் இருக்கிறது. வார நாள் இரவுகளில் காலியாகவும் இருக்கும். ஒய்.எம்.சி.ஏ.வும் நகராட்சியின் சமூக மையமும் அடுத்து. ஞாயிறு மாலை எங்கும் சுலபமாகக் கிடைக்கும். அந்த நேரத்துக்குப் பிள்ளைகளும் வருவார்கள்.

பள்ளிக் கட்டடத்தை வெளியார் எடுக்கும்போது வசதிப் பயன்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் காப்பீட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். வார இறுதி என்றால் கட்டடக் காவலருக்கான கூலி தனியாக வரலாம். இந்த மூன்றையும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பனி விழுந்து பள்ளிக்கு விடுமுறை விட்டால் அன்று மாலை ஆட்டமும் இல்லை என்பதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பனிப்புயலுக்கும் வாட்ஸ்அப்பில் நாற்பது கேள்வி வரும்.

கூடத்தை நேரில் போய்ப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளி பாஸ்கெட்பால் கோர்ட் 84 அடி நீளம், 50 அடி அகலம். அதாவது ஏறக்குறைய 25.6 மீட்டருக்கு 15.2 மீட்டர். தொடக்கப் பள்ளி ஜிம் இதைவிடச் சிறியதாக இருக்கலாம். அங்கே நான்குக்கு நான்கு ஆடலாம். வாலிபால் கம்பம் நடுவதற்குத் தரையில் குழி இருக்கும். அதன் பித்தளை மூடி ஆடாமல் அமர்ந்திருக்கிறதா என்று காலால் அழுத்திப் பாருங்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் தீ எச்சரிக்கைப் பொத்தானுக்கும் கம்பிக் கூண்டு இருக்கிறதா? பாஸ்கெட் வளையங்களை மேலே மடக்க முடியுமா? மடித்து வைத்த பார்வையாளர் இருக்கைகளுக்குப் பின்னால் பந்து போகும் இடைவெளி இருந்தால் அதை விளையாட்டுப் பைகளை வைத்து அடைத்துவிடுங்கள். அங்கே பந்து போய்விட்டால் எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். யாராவது ஒரு பிள்ளை உள்ளே நுழையவும் பார்க்கும்.

செயற்கைப் புல் போட்ட தனியார் உள்ளரங்கங்களும், காற்றடைத்த பெரிய கூடாரங்களும் டெட்ராய்டைச் சுற்றி இருக்கின்றன. வாடகை அதிகம். ஐஸ் ஹாக்கி அரங்கம் போலச் சுற்றிலும் பலகைச் சுவர் உள்ள இடங்களை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. பந்து வெளியே போகாததால் ஆட்டம் வேகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அளவில்லாமல் அடித்த பந்தும் சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. அளந்து அடிக்கும் பழக்கம் வருவதில்லை. சுவரில் மோதிக் கை மணிக்கட்டு அடிபடுவதும் அங்கே அதிகம்.

படி 4: பணம்

கூட வாடகையை மொத்தமாகக் கணக்கிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே ஒரே தடவை வாங்கிவிடுங்கள். மணிக்கு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு 60. பதினைந்து பேர் என்றால் ஒரு மாலைக்குத் தலைக்கு 4 டாலர். கட்ட முடியாத பிள்ளையின் பெயர் கணக்கு வைத்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. கட்ட முடிந்த வீடுகள் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் இது தானாகச் சரியாகிவிடும். வாசலில் நின்று வாராவாரம் பணம் வாங்குவது மட்டும் வேண்டாம். கையில் காசில்லாத பிள்ளை அன்றிலிருந்து வருவதை நிறுத்திவிடும்.

படி 5: பந்து, காலணி, கோல்

சாதாரண ஐந்தாம் எண் பந்தை ஜிம்முக்குக் கொண்டுபோகாதீர்கள். மரத்தரையில் அது முழங்காலுக்கு மேல் துள்ளிக்கொண்டே இருக்கும். யாருக்கும் ஆட்டம் பிடிபடாது. ஃபுட்சால், அதாவது கூடத்துக்குள் அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து, அதற்கான பந்து வாங்குங்கள். நான்காம் எண் அளவு, சுற்றளவு 62 முதல் 64 செ.மீ., எடை 400 முதல் 440 கிராம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 செ.மீ.க்குள்தான் எழும்ப வேண்டும் என்பது அதற்கான விதி. கடையில் வாங்கும்போதே கைக்கெட்டிய உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள்; ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் அடங்கினால் சரியான பந்து. இரண்டு பந்து இருந்தால் போதும்.

ஃபுட்சால் பிறந்ததே நமக்கு இருக்கும் அதே தேவைக்காகத்தான். 1930இல் உருகுவேயின் மோண்டெவிடியோவில், ஒய்.எம்.சி.ஏ.வில் இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கால்பந்துப் பைத்தியம் பிடித்திருந்த இளைஞர்களைக் கூடத்துக்குள் ஆட வைக்க வழி தேடினார். பாஸ்கெட்பாலிலிருந்து ஐந்து பேரையும் ஆட்ட நேரத்தையும், ஹேண்ட்பாலிலிருந்து களத்தையும் கோலையும், வாட்டர் போலோவிலிருந்து கோல்கீப்பர் விதியையும் எடுத்துக் கோத்தார். பாஸ்கெட்பால் கோர்ட்டில் கால்பந்து ஆடுவதைச் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம்.

காலணியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தட்டையான ரப்பர் அடி, தரையில் தடம் பதிக்காத வகை. கறுப்பு அடி உள்ள ஓட்டக் காலணி பளபளக்கும் மேப்பிள் தரையில் கோடு கிழித்துவிட்டால், அடுத்த வாரம் கூடம் கிடைக்காது. அதைவிட முக்கியம், அந்தக் காலணியை வீட்டிலிருந்து அணிந்து வரக் கூடாது. சாலையில் போடும் உப்பும் பனிச் சகதியும் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். ஈரம் தரையைக் கண்ணாடிபோல வழுக்க வைக்கும், உப்பு பூச்சைச் சுரண்டிவிடும். பையில் போட்டுக் கொண்டுவந்து, வாசல் கம்பளத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு வெளியே நனைத்துப் பிழிந்த பழைய துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். ஜிம் தரையில் எப்போதும் மெல்லிய தூசி இருக்கும். ஆட்டத்துக்கு இறங்குமுன் அடியை இரண்டு தேய்ப்பு தேய்த்தால் பிடிமானம் திரும்பிவிடும். முன்னங்கால் எலும்புக் காப்பு (ஷின் கார்ட்) கட்டாயம்.

கோலுக்கு 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள மடக்குக் கோல் கிடைத்தால் நல்லது. அது நகரவோ கவிழவோ முடியாதபடி மணல்பையை வைத்து அழுத்த வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு நீள பெஞ்சுகளைப் பக்கவாட்டில் சாய்த்து, பலகை களத்தைப் பார்த்திருக்குமாறு வையுங்கள். பந்து பலகையில் பட்டால் கோல். உயரம் இல்லாததால் எல்லாரும் பந்தைத் தரையோடு அடிப்பார்கள், கோல்கீப்பரே தேவையில்லை. எதை வைத்தாலும் பின்சுவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே இரண்டு மீட்டராவது விடுங்கள். ஓடி வரும் பிள்ளை நிற்க இடம் வேண்டும்.

படி 6: ஆட்ட விதிகள்

ஃபுட்சால் விதி முழுவதும் தேவையில்லை. வெளியே போன பந்தைக் கோட்டில் வைத்துக் காலால் உதைத்து உள்ளே விட வேண்டும், நான்கு வினாடிக்குள். ஆஃப்சைடு கிடையாது. கோல்கீப்பர் கையால் உருட்டித்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஆள் மாற்றம் எப்போது வேண்டுமானாலும். இவற்றோடு நம் பங்குக்கு மூன்று: சறுக்கிப் பறிப்பது இல்லை, தலைக்கு மேல் போன பந்து எதிரணிக்கு, சுவரோரம் இருப்பவரைப் பின்னாலிருந்து தள்ளினால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. கடைசி விதியில் யாருக்கும் சலுகை இல்லை.

ஃபவுலை யார் சொல்வது? ஆடுபவர்களே. முதல் இரண்டு வாரம் வாக்குவாதம் வரும், நீங்கள் எழுந்து போக வேண்டாம். பந்து யாருக்கு என்று முப்பது வினாடி கத்திவிட்டு அவர்களே ஒரு முடிவுக்கு வருவார்கள். மூன்றாவது வாரத்தில் கத்தல் குறைந்துவிடும், ஏனென்றால் கத்தும் நேரம் ஆடும் நேரத்திலிருந்து போகிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

படி 7: ஒரு மாலை எப்படி நடக்கும்

ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. முதல் இருபது நிமிடத்தை உடல் சூடேற்றுவதற்கு ஒதுக்குங்கள். ஃபிஃபாவின் '11+' என்னும் பயிற்சி முறை எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது: எட்டு நிமிட மெதுவோட்டம்; பத்து நிமிடம் வலிமை, சமநிலை, குதித்தல்; கடைசியாக இரண்டு நிமிட வேக ஓட்டம். மொத்தம் 15 அசைவுகள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேர் மேலே நிற்கப் பழக்குவதுதான் அதன் சாரம். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது இந்த வயதுப் பெண்களுக்குப் பையன்களைவிட அதிகம் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. மூத்த மாணவி ஒருவர் முன்னால் நின்று நடத்தட்டும்.

அப்புறம் ஆட்டம். பதினைந்து பேர் என்றால் ஐந்து ஐந்தாக மூன்று அணி. ஆறு நிமிடம் அல்லது இரண்டு கோல், எது முதலில் வருகிறதோ அதோடு முடிவு. வென்றவர் களத்தில் நிற்க, தோற்றவர் வெளியே. இது உற்சாகமாக இருக்கும், ஆனால் ஓர் அணி வெளியிலேயே உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஓர் அணி தொடர்ந்து இரண்டு தடவை வென்றால் அதுவும் வெளியே போக வேண்டும் என்று வையுங்கள்.

அணி பிரிப்பதைக் கேப்டன்கள் ஆள் ஆளாகப் பெயர் சொல்லி எடுக்க விடாதீர்கள். கடைசியில் மிஞ்சும் பிள்ளைக்கு அது வாரா வாரம் விழும் அடி. வந்த வரிசையில் மூன்று நிறப் பட்டையை மாற்றி மாற்றிக் கையில் கொடுத்துவிட்டால் நண்பர்கள் கூட்டமும் தானாகக் கலைந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினான்கு வயது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதினெட்டு. ஓர் அணியிலேயே எல்லாப் பெரியவர்களும் விழுந்திருந்தால் மட்டும் இரண்டு பேரை மாற்றுங்கள்.

களத்தில் பார்க்க வேண்டியது என்ன என்று கேட்டால், பாதத்தின் அடியைப் பாருங்கள். புல்லில் பழகிய பிள்ளை வரும் பந்தைப் பாதத்தின் உள்பக்கத்தால் தடுக்கும். மரத்தரையில் அது ஒரு மீட்டர் தள்ளிப் போய்விடும், எதிராளி எடுத்துவிடுவார். சில வாரத்தில் அதே பிள்ளை குதிகாலைத் தரையோடு ஒட்டி, விரல்களைத் தூக்கி, பந்தைக் காலடியின் முன்பகுதிக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல நிறுத்தும். அடுத்த நொடி அந்த அடியாலேயே பின்னால் இழுத்துத் திரும்பிவிடும். இதை யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். நெருக்கடியும் இடப் பற்றாக்குறையும் கற்றுத்தந்தது. மார்ச்சில் பெரிய மைதானத்தில் இரண்டு பேர் நெருங்கி வரும்போது பதறாமல் பந்தைக் காப்பது இங்கிருந்துதான் வரும்.

ஆட்டம் அலுத்தால் பிள்ளைகளே நிபந்தனை சேர்ப்பார்கள்: இரண்டு தொடுதல்தான், எல்லாரும் எதிர்ப்பாதிக்குள் வந்த பிறகுதான் கோல் செல்லும், இடக்காலில் அடித்தால் இரட்டை. நீங்கள் சேர்க்க வேண்டாம்.

படி 8: அடிபட்டால்

எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது பெண், கூடத்தில் இருக்க வேண்டும். ஏ.இ.டி. என்னும் இதய மின்னதிர்ச்சிக் கருவி எந்தச் சுவரில் இருக்கிறது, இரவில் அந்தப் பெட்டி வரைக்கும் போகும் கதவு திறந்திருக்குமா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பெட்டி இருந்தும் நடுவில் உள்ள கதவு பூட்டியிருந்தால் ஒரு பயனும் இல்லை. ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டிய முழு முகவரியையும், எந்த வாசல் என்பதையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் காரில் இருக்கக் கூடாது. கோட்டோரம் இருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டால் பேச்சே இல்லை, உடனே வெளியே. மிச்சிகனில் 2013 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவத் துறையினர் எழுத்தில் அனுமதி தந்த பிறகே திரும்ப ஆடலாம். 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று அந்தப் பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் இளக வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., மூளை அதிர்ச்சி பற்றித் தரும் 'ஹெட்ஸ் அப்' இணையப் பயிற்சி இலவசம். மேற்பார்வைக்கு வரும் ஒவ்வொரு பெற்றோரும் ஒரு தடவை முடித்துவிடுவது நல்லது.

ஆட்டம் முடிந்ததும் வியர்வையில் நனைந்த சட்டையோடு பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குளிருக்குள் ஓடுவார்கள். மாற்றுச் சட்டை போட்டவர்தான் வெளியே போகலாம் என்று வாசலில் ஒருவர் நில்லுங்கள். கார் நிறுத்துமிடத்தில் பனிக்கட்டி இருக்கும். கூட்டிப்போக வரும் பெற்றோர் கதவு வரைக்கும் வரட்டும்.

படி 9: முடிக்கும் விதம்

பிப்ரவரியின் கடைசி இரண்டு மாலைகளை மட்டும், கொஞ்சம் செலவானாலும், செயற்கைப் புல் அரங்கத்தில் வையுங்கள். அங்கே ஐந்தாம் எண் பந்து. வாரக்கணக்கில் கனமாக உருளும் சிறிய பந்தில் பழகிய காலுக்குப் பெரிய பந்தின் துள்ளலும் நீளமான பாஸும் முதலில் ஒட்டாது. பெண்களுக்கு அணித் தேர்வின் முதல் நாளில் அந்தத் தடுமாற்றம் இருக்கக் கூடாது.

கடைசி மாலை முடிந்ததும் தரையைப் பெருக்கி, பெஞ்சுகளை இருந்த இடத்தில் வைத்து, சாவியைக் காவலரிடம் நேரில் கொடுங்கள். மிச்சப் பணத்துக்கு ஒரே வரியில் கணக்கு எழுதிப் பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்துக்கான கூடத்தை ஆகஸ்டிலேயே கேட்டு வையுங்கள். பாஸ்கெட்பால் அட்டவணை வந்த பிறகு போனால் மிஞ்சியிருப்பது சனிக்கிழமை காலை ஆறு மணியாகத்தான் இருக்கும்.